காரம் முழுசா

ஜூன் 3, திங்கள்

இன்று பிற்பகல் ஒன்று பத்துக்கு, கற்பக மெஸ்ஸின் மூன்றாம் நம்பர் மேசையில் அமர்ந்து, என் வாழ்வின் போக்கையே மாற்றக்கூடிய ஒரு முடிவை எடுத்தேன். மட்டன் சுக்காவுக்குப் பதினெட்டு ஆண்டுகளாகக் "காரம் தூக்கலா" என்று சொல்லி வந்தவன், இனி "காரம் முழுசா" என்று சொல்வதெனத் தீர்மானித்தேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லை. முழுச் சுயநினைவுடன், கை கழுவி வந்த பிறகு எடுத்த முடிவு. பின்னாளில் இதுபற்றிச் சர்ச்சை எழலாம் என்பதால், நடப்பதை அவ்வப்போது குறித்து வைக்க இந்த நோட்டை வாங்கியிருக்கிறேன்.

பின்னணியையும் எழுதிவிடுகிறேன். என் பெயர் தவசிலிங்கம், வயது ஐம்பத்து மூன்று. விருதுநகரில் பூமயில் மிளகாய்த்தூள் கம்பெனியில் காரம் பார்க்கிறவன். அரைத்து வரும் ஒவ்வொரு தூளிலும் ஒரு சிட்டிகையை வெந்நீரில் கலக்கி, ஒரு கரண்டி நாக்கில் விட்டு, கண்ணை மூடி, எரிச்சல் ஏறி இறங்கும் வரை காத்திருந்து, பத்துக்கு இத்தனை என்று மாதிரிப் பாக்கெட்டின் மேல் பென்சிலால் எண் போடுவேன். ஏழுக்குக் கீழே போட்டால் மில்லில் காரம் மிகுந்த சன்னம் வத்தலைக் கூடுதலாகச் சேர்த்து அரைப்பார்கள். இருபத்தாறு வருடமாக அந்தப் பென்சிலை யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

மதியம் கற்பக மெஸ். அங்கேயும் எங்கள் தூள்தான். காலையில் நான் போட்ட எண் சரிதானா என்று அவர்களுடைய சுக்காவில் தெரிந்துகொள்வேன்.

கோயம்புத்தூரிலிருந்து காரம் அளக்கும் மெஷின் ஒன்று வருகிறதாம். போன மாதம் சின்ன முதலாளி ரத்தினகுமார் சொன்னார். ஜூலை ஒன்றாம் தேதி ஐந்து கிண்ணம் வைப்பார்கள். ஒரு பக்கம் மெஷின், மறுபக்கம் நான். என் எண்ணும் மெஷின் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் நான் பேக்கிங் பிரிவுக்குப் போய் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்ட வேண்டும். இதைப்பற்றி எனக்குக் கவலை எதுவும் இல்லை. விவரத்துக்காக எழுதுகிறேன்.

சர்வர் ஜெயபாண்டி அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "மூணுக்கு ஒரு சுக்கா, காரம் முழுசா." சுக்கா வந்தது. செக்கச்செவேல் என்றிருந்தது. வாயில் போட்டால் நனைந்த அட்டை. ஜெயபாண்டி என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ இருந்தது.

ஜூன் 4, செவ்வாய்

இன்றும் காரம் இல்லை. நான் கேட்காமலே ஜெயபாண்டி இரண்டு முறை தண்ணீர் ஊற்றினார். கேட்காமல் ஒருவர் தண்ணீர் ஊற்றினால் அவருக்கு மனசாட்சி உறுத்துகிறது என்று கொள்ளலாம்.

ஜூன் 6, வியாழன்

பதினோரு மாதிரி பார்த்தேன். பத்துக்கு ஏழு எதற்குமே தேறவில்லை. மூன்று, நான்கு, நான்கு, மூன்று. போன மாதமும் ஏறக்குறைய இப்படித்தான். விளாத்திகுளம் பக்கத்து விவசாயிகள் ஏதோ செய்கிறார்கள். என்ன செய்கிறார்கள் என்பது இன்னும் பிடிபடவில்லை. மூட்டைக்கு இன்னும் ஒன்றரைக் கிலோ சன்னம் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். இது இந்த மாதத்தில் இரண்டாவது முறை.

மில்லில் வேலை பார்க்கும் பெண்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். விருதுநகரில் தூசி அதிகமாகிவிட்டது.

வீட்டில் புளிக்குழம்பு. அதிலும் ஒன்றும் இல்லை. சொன்னேன். செல்வக்கனி தன் தட்டில் இன்னொரு கரண்டி தயிர் ஊற்றிக்கொண்டாள். ஒரு மாதமாக அவள் தயிர்ச் சோறுதான் சாப்பிடுகிறாள். ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது. முப்பது வருடம் ஒன்றாக வாழ்ந்த பிறகு எந்தச் சாமிக்கு என்று கேட்பது நாகரிகமல்ல.

ஜூன் 10, திங்கள்

ஆதாரம் இல்லாமல் ஒருவர்மேல் பழி போடக்கூடாது என்பது என் கொள்கை. ஆகவே பரிசோதனை.

மெஸ்ஸில் எனக்கு எதிரே ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வந்து உட்கார்ந்தார். வாட்டசாட்டமான ஆள், சாத்தூர்க்காரராம். சாத்தூர்க்காரர் என்றால் காரத்துக்குப் பயப்படாதவர். என் சுக்காவை அவர் பக்கம் நகர்த்தி, "ஒரு துண்டு எடுத்துப் பாருங்க சார். ருசி எப்படின்னு சொல்லுங்க" என்றேன்.

"எதுக்குங்க, நான் முட்டை சொல்லிருக்கேன்."

"சும்மா பாருங்க. நம்ம ஊரு சுக்கா."

எடுத்தார். மென்றார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் காது சிவந்தது, கண்ணீரும் விக்கலும் வந்தன. எழுந்து நின்றார். எதற்காக எழுந்தோம் என்பது அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. ஜெயபாண்டி மோரோடு ஓடி வந்தார்.

"என்னய்யா இது, மனுசன் திங்கிறதா?" என்றார் ஏஜெண்ட், குரல் வந்த பிறகு.

"அது அண்ணாச்சிக்கு மட்டும் போடுறது சார். நீங்க ஏன் கைய வச்சீக?" என்றார் ஜெயபாண்டி.

கண்ணீரும் விக்கலும் அவ்வளவு சீராக வந்தது எனக்குத் திருப்தி அளிக்கவில்லை. மோரும் முன்கூட்டியே தயாராக இருந்தது. அந்த ஆளை எங்கிருந்து கூட்டி வந்தார்கள் என்று விசாரிக்க வேண்டும். சாத்தூர்க்காரர் என்பதற்கு அவர் வாய்வார்த்தையைத் தவிர எந்தச் சான்றும் இல்லை.

ஜூன் 12, புதன்

காலையில் செல்வக்கனி காபியை வைத்துவிட்டு, "ஆறட்டும், இப்பத்தான் அடுப்புலருந்து எறக்குனேன்" என்றாள். பேப்பரைப் பார்த்துக்கொண்டே குடித்து முடித்தேன். நிமிர்ந்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சுடலையா?"

"ஆறிப்போச்சு."

"உதட்டுல என்னது, கொப்புளமா?"

"கொசு."

"நாக்க நீட்டுங்க பாப்போம்."

"எதுக்கு?"

"சும்மா நீட்டுங்களேன்."

நீட்டவில்லை. கம்பெனிக்கு நேரமாகிவிட்டது. எந்தக் காரணமும் சொல்லாமல் ஒரு மனைவி கணவனின் நாக்கைப் பார்க்கக் கேட்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்தபோது போனில் பேசிக்கொண்டிருந்தவள், என்னைக் கண்டதும் "சரிப்பா, பெறகு பேசுறேன்" என்று வைத்துவிட்டாள். யாரென்று கேட்டேன். ஊர்க்காரத் தம்பியாம். அவள் ஊரில் அவளுக்குத் தம்பி முறையாகாத ஆணே கிடையாது. இதனால் எதையும் நிரூபிக்க முடியாது.

ஜூன் 14, வெள்ளி

குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது. நடந்தவாறே எழுதுகிறேன்.

சாப்பிட்டு முடித்து, கை கழுவப் போகிறவன் போல எழுந்து நேராக அடுக்களைக்குள் போனேன். மாஸ்டர் காளிராஜ் இரும்புச் சட்டியில் ஈரல் வதக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் எங்கள் பூமயில் தூள் டப்பா திறந்திருந்தது. அதற்குள் ஒரு சின்னக் கரண்டி. பழைய பெரிய கரண்டி ஆணியில் தொங்கியது.

"மாஸ்டர், மனசத் தொட்டுச் சொல்லுங்க. தூள் எவ்வளவு போடுறீக?"

அவர் சட்டியை இறக்கி வைத்தார். "உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்னண்ணாச்சி இருக்கு. முன்ன ஒரு கரண்டி போட்ட எடத்துல இப்ப பாதிதான் போடுறேன்."

"எப்பருந்து?"

"ஒன்ற மாசமா."

"அப்போ பாதியக் கொறச்சிட்டீக."

"கொறைக்காம? ஒங்க தூளு இப்பல்லாம் வெடிமருந்தால்ல இருக்கு. டப்பாவத் தொறந்தாலே கண்ணு எரியுது. முழுசாப் போட்டா ஒருத்தன் மறு சோறு வாங்க மாட்டான், பாதி எலையிலயே எந்திச்சுப் போயிருவான். ஒங்க சுக்காவுக்கு மட்டும் ஒண்ணே முக்காக் கரண்டி போடுறேன். அதையே எப்படித்தான் திங்கிறீகளோ."

கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் சரக்கின் மேல் பழி போடுவது எல்லாத் துறையிலும் உள்ளதுதான். அந்தச் சரக்குக்கு வாரக்கணக்கில் மூன்றும் நான்கும் போட்டு வருகிறவன் நான். அவருக்கு அது தெரியாது. பாதியாகக் குறைத்ததை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார், அதுவே எனக்குப் போதும். நாளை முதல் எனக்கு மூன்று கரண்டி என்றேன்.

"வேண்டாண்ணாச்சி. ஏதாச்சும் ஆச்சுன்னா எங்க பேருதான் கெடும்."

"எழுதித் தரவா?"

"தந்தீகன்னா நல்லது" என்றார்.

ஆர்டர் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 15, சனி

மூன்று கரண்டி. காரம் இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

வயிறு சரியில்லை. இதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஜூன் 17, திங்கள்

விடுப்பு. செல்வக்கனி என்னைக் கேட்காமலே ஆட்டோ கூப்பிட்டுவிட்டாள். டாக்டர் ஊசி போட்டார், வயிற்றைப் புண்ணாக்கி வைத்திருக்கிறீர்கள் என்றார். அதைச் செல்வக்கனியைப் பார்த்துச் சொன்னார், வயிறு அவளுடையது போல. நாக்கைப் பற்றி அவள் ஏதோ ஆரம்பித்தாள். எனக்குப் பஸ் இருக்கிறது என்று எழுந்துவிட்டேன். ஆட்டோ வெளியே நின்றுகொண்டிருந்தது.

ஜூன் 19, புதன்

சின்ன முதலாளி கூப்பிட்டார். அவர் அறையில் சுவரோரமாகப் பூமயில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. கோவில்பட்டி, சிவகாசி, அருப்புக்கோட்டைக் கடைகளிலிருந்து திரும்பி வந்தவை.

"என்னண்ணாச்சி இது? முந்நூத்து நாப்பது பெட்டி. ஒரு ஹாஸ்டல்ல பிள்ளைக சாம்பார் சாப்பிட்டுட்டு வாய் வெந்துபோச்சுன்னு அழுதுச்சாம். வார்டன் போன்ல என்னைய வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு."

"சரக்குல காரமே இல்லையே தம்பி. நான் போட்ட நம்பர எடுத்துப் பாருங்க."

"அதான் எனக்கும் புரியல. நீங்க மூணுங்கிறீக, அவுக தீப்பிடிச்சுருச்சுங்கிறாக."

"போட்டிக் கம்பெனிக்காரன் எவனாவது கடையில வச்சே கலக்குறானான்னு பாக்கணும்" என்றேன்.

அவர் யோசித்தார். இருபத்தாறு வருடத்து நாக்கு. அதைச் சந்தேகிப்பது அவருக்கும் சுலபமல்ல. "நீங்களே விசாரிச்சு ஒரு ரிப்போர்ட் குடுங்க" என்றார். காரம் பற்றிய புகாரைக் காரம் பார்ப்பவரிடமே விசாரிக்கக் கொடுப்பது நல்ல நிர்வாகத்துக்கு அடையாளம். முதற்கட்ட விசாரணையில் என்மீது தவறில்லை என்று தெரிகிறது.

ஜூன் 22, சனி

வெற்றி. இந்த மெஸ்ஸில் காரம் திரும்ப வந்துவிட்டது.

வயிறு தேறிய பின் இன்றுதான் போனேன். வழக்கம்போலக் "காரம் முழுசா" என்றேன். ஜெயபாண்டி இன்று அடுக்களையைப் பார்த்துக் கத்தவில்லை. உள்ளே போய் மெதுவாகச் சொல்லிவிட்டு வந்தார். நான் கொடுத்த எழுத்துமூலமான உத்தரவுக்குப் பின் மரியாதை கூடியிருக்கிறது. சுக்கா சற்று வெளிர் மஞ்சளாக இருந்தது. நிறத்தை நம்பி ஏமாறும் கட்டத்தை நான் தாண்டிவிட்டேன்.

ஒரு வாய் வைத்தேன். கொஞ்சம் காத்திருந்தேன். இருந்தது. நெற்றி வியர்த்தது, கழுத்து வியர்த்தது. அரை மணி நேரமாகக் கரண்ட் இல்லாததால் மெஸ்ஸில் எல்லோருக்குமே வியர்த்திருந்தது என்றாலும் என் வியர்வை வேறு வகை.

பக்கத்து மேசையில் ஒரு பெண் இரண்டு வயதுக் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தை என் தட்டைப் பார்த்து அழுதது. நான் தடுப்பதற்குள் ஜெயபாண்டி என் தட்டிலிருந்து இரண்டு துண்டை எடுத்து அதன் இலையில் வைத்துவிட்டார். குழந்தை தின்றுவிட்டு இன்னும் கேட்டது. இந்தக் காலத்துக் குழந்தைகள் துணிச்சலானவை.

"எப்படி இருக்குண்ணாச்சி?" என்றார் ஜெயபாண்டி.

"இதுதாம்ப்பா காரம். பத்துக்குப் பத்து."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்தார். சுக்காவின் நெடி அவ்வளவு தூரம் பரவியிருக்கிறது.

ஜூன் 25, செவ்வாய்

திங்களும் இன்றும் அதே சுக்கா. பத்துக்குப் பத்து. பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதற்காக மாஸ்டரை நேரில் பாராட்டுவது முறை என்று அடுக்களைக்குப் போனேன்.

அலமாரியில், மெஸ் பாத்திரங்களுக்கு நடுவே, ஓர் எவர்சில்வர் தூக்குவாளி இருந்தது. மூடி திறந்திருந்தது. அடியில் மஞ்சளாகக் கொஞ்சம் கறி மிச்சம். விளிம்பில் பெயர் வெட்டியிருந்தது. எங்கள் பக்கம் கல்யாணச் சீர் பாத்திரம் எல்லாவற்றிலும் பெயர் வெட்டித்தான் கொடுப்பார்கள். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.

த. தவசிலிங்கம் – செ. செல்வக்கனி. 9.6.94.

காளிராஜ் அடுப்பைப் பார்த்தார். ஜெயபாண்டி காளிராஜைப் பார்த்தார்.

"இது எங்க வீட்டு வாளி" என்றேன்.

"ஆமாண்ணாச்சி" என்றார் ஜெயபாண்டி. "அக்காதான் பதினோரு மணிக்குக் கொண்டாந்து குடுத்துட்டுப் போகும். எனக்கு அக்கா முறை. எங்க பெரியப்பா வீட்டுக்கு அடுத்த வீடு. ஒங்க வயித்துக்கு ஆகலைன்னு சொல்லி அழுதுச்சு. நான் என்ன செய்ய?"

"இதுல என்ன போட்டிருக்கு?"

"கறி. உப்பு. மஞ்சத்தூளு."

"மிளகா?"

"இல்ல."

"மிளகு?"

"அதுவும் போடலைன்னுச்சு. பச்சப்பிள்ளைக்கு ஊட்டலாம்ணாச்சி."

மூன்று நாள் நான் தின்றது அதைத்தான். சதி இருந்தது என்பது இன்று சந்தேகத்துக்கு இடமின்றி உறுதியாகிவிட்டது. சம்பந்தப்பட்டவர்கள் மூவர். இத்துடன் இதை முடித்துக்கொள்ளலாம்.

முடிக்க முடியவில்லை. பத்துக்குப் பத்து என்று சொன்னவர் அந்த மூவரில் யாரும் இல்லை.

ஜூன் 26, புதன்

வாளியைச் சமையல்கட்டில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். பிறகு தொடர்ந்து கீரை ஆய்ந்தாள்.

"எப்பருந்து தெரியும்?"

"பங்குனிலருந்து. ரசத்துல உப்புப் போட மறந்துட்டேன். ரெண்டு வாட்டி வாங்கிக் குடிச்சீக."

"சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா? பெட்டிக்கு டேப்பு ஒட்டப் போவீகளா?" கீரைத் தண்டை ஒடித்துப் போட்டாள். "தன்னால சரியாப் போயிரும்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா ஊரையே கொளுத்திக்கிட்டு இருக்கீக. மில்லுல வேலை பாக்குற பிள்ளைக கண்ணப் பாத்தீகளா? எனக்கே ஒரு மாசமா வாயெல்லாம் புண்ணு. நீங்க கேக்குறீகன்னு அள்ளி அள்ளிப் போட்டு நானும் அதைத்தான தின்னேன்."

வேண்டுதல் இல்லையாம்.

"இப்ப என்ன செய்யணுங்கிற?"

"மொதலாளிகிட்ட உள்ளதச் சொல்லுங்க. அப்புறம் மதுரையில டாக்டரப் பாப்போம். டேப்பு ஒட்டுனா ஒட்டுங்க, அதுக்கென்ன. கஞ்சி குடிக்க வழி இல்லாமயா போச்சு."

நாக்கை நீட்டினேன். என் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தாள்.

ஜூன் 28, வெள்ளி

கடிதம் எழுதிவிட்டேன். ஒரு பக்கம். "ஐயா, கடந்த சில மாதங்களாக என் நாக்கில் காரம் தெரிவதில்லை. நான் போட்ட எண்களை நம்ப வேண்டாம். மில்லில் சன்னம் சேர்ப்பதை நிறுத்திவிடவும்." செல்வக்கனி வாசித்துவிட்டு, "இது போதும்" என்றாள். திங்கட்கிழமை, கிண்ணம் வைப்பதற்கு முன்பே, கொடுத்துவிட வேண்டும்.

மெஷின் வந்திறங்கியது. ஃபிரிட்ஜ் மாதிரி இருக்கிறது, கதவு சின்னது. கூட வந்த இன்ஜினீயர் என்னைத் தேடி வந்து கை கொடுத்தார். மெஷினுக்கு எது எவ்வளவு காரம் என்று முதலில் யாராவது கற்றுக்கொடுக்க வேண்டுமாம். அதற்காக மே, ஜூன் மாதங்களில் நான் எண் போட்ட அறுபது பாக்கெட்டைச் சின்ன முதலாளி கோயம்புத்தூருக்கு அனுப்பியிருந்தாராம்.

"உங்க நாக்குதான் சார் இதுக்கு வாத்தியார்" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை என்று முடிவு செய்திருந்தேன்.

ஜூலை 1, திங்கள்

கடிதம் சட்டைப்பையில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் சின்ன முதலாளி என் கையைப் பிடித்து இழுத்துப் போய் உட்கார வைத்தார். ஆபீஸ் முழுக்கக் கூடியிருந்தது. "அப்புறம் பேசலாம்ணாச்சி, மொதல்ல இது" என்றார்.

ஐந்து கிண்ணம். ஒவ்வொன்றாக நாக்கில் விட்டேன். கண்ணை மூடினேன். வெந்நீர், வெந்நீர், வெந்நீர், வெந்நீர், வெந்நீர். பொய் எழுதக் கூடாது என்று நினைத்தேன். தெரிந்ததை, இரண்டு மாதமாகப் போட்டு வரும் எண்களிலேயே எழுதினேன். நான்கு, மூன்று, நான்கு, மூன்று, மூன்று.

மெஷின் அரை மணி நேரம் முனகிவிட்டு ஒரு தாளைத் தள்ளியது. நான்கு, மூன்றே கால், நான்கு, மூன்று, மூன்று.

எல்லோரும் கை தட்டினார்கள். "இருபத்தாறு வருசம்னா சும்மாவா" என்றார் சின்ன முதலாளி. இன்ஜினீயர் என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். "காரத்தைப் பத்திப் புகார் சொன்னவன் எவன்னு இப்ப விசாரிக்கிறேன்" என்றார் சின்ன முதலாளி. பிறகு நினைவு வந்தவராக, "என்னமோ சொல்லணும்னு வந்தீகளே?" என்றார்.

ஒன்றுமில்லை என்றேன்.

சாயங்காலம் செல்வக்கனி சட்டையைத் துவைக்கப் போடுமுன் பையில் கையை விட்டாள். மடிப்புக் கலையாத கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"குடுக்கலையா?"

"நேரம் அமையல."

சட்டையைத் தண்ணீரில் முக்கினாள்.

ஜூலை 3, புதன்

எனக்குத் தலைமைப் பரிசோதகர் என்று பெயர்ப்பலகை அடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வந்திருந்த முந்நூற்று நாற்பது பெட்டிகளிலிருந்து மாதிரி எடுத்து மெஷினில் வைத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் மூன்று வந்தது. காரம் போதாது என்று, சன்னம் சேர்த்து மறுபடி அரைக்க, இன்று மதியம் மில்லுக்கு அனுப்பப்பட்டன.